மூளையில் சாதாரணக் கட்டி: அறுவையா, கதிர்வீச்சா? முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "இது புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டிதான்" என்று டாக்டர் சொன்னதும் பாதி உயிர் திரும்பி வந்திருக்கும். அடுத்த வாரம் நியூரோசர்ஜனைப் பார்க்கிறீர்கள். எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் கத்தியே வேண்டாம், கதிர்வீச்சு போதும் என்கிறார். மூன்றாமவர் ஆறு மாதம் சும்மா இருங்கள், அப்புறம் பார்ப்போம் என்கிறார். மூவரில் யாரும் தப்பாகச் சொல்லவில்லை. தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது அதுதான்.

என் அக்காவுக்கு இடது காது நரம்பில் 17 மி.மீ. கட்டி இருப்பது தெரிந்தபோது நாங்களும் இப்படித்தான் மூன்று சீட்டுகளை மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் டாக்டர் இல்லை. ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்த தம்பி. அந்த அலைச்சலில் எது எதை முதலில் செய்திருக்க வேண்டும் என்று பிற்பாடு புரிந்ததோ, அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. முதலில், அவசரமா என்று பாருங்கள்

சாதாரணக் கட்டிகளில் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை. யோசிக்க வாரங்கள், பல சமயம் மாதங்கள்கூட இருக்கும். ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்: நாளுக்கு நாள் கூடும் தலைவலியோடு காலையில் வாந்தி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கக் கலக்கம், பார்வை மங்கிக்கொண்டே போவது, முதல்முறையாக வந்த வலிப்பு, திடீரென்று கை கால் தளர்வது. பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி உள்ளவருக்குத் திடீரென்று கடும் தலைவலியும் பார்வைக் குறைவும் சேர்ந்து வந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய நிலைமை அது.

மண்டை ஓட்டுக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் "அறுவையா கதிர்வீச்சா" என்ற கேள்வியே எழாது. கதிர்வீச்சு அழுத்தத்தை உடனே குறைக்காது. அது வேலை செய்ய மாதங்கள், வருடங்கள் ஆகும். மூளைத் தண்டை நெரிக்கும் கட்டிக்கும், மூளைநீர் ஓடும் வழியை அடைத்துவிட்ட கட்டிக்கும், பார்வை நரம்பை மேலே தூக்கிக்கொண்டிருக்கும் கட்டிக்கும் பெரும்பாலும் அறுவைதான் முதலில். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

2. ரிப்போர்ட்டில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்

பெயர், அளவு, இடம், அது எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

பெயர் முக்கியம், ஏனென்றால் "பினைன்" (புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டி) என்பது ஒரே நோய் அல்ல. மெனிஞ்ஜியோமா என்றால் மூளையில் அல்ல, மூளையைச் சுற்றியுள்ள உறையில் முளைத்தது. அது மூளையை வெளியிலிருந்து அமுக்கும். அக்கவுஸ்டிக் நியூரோமா என்றும் வெஸ்டிபுலார் ஷ்வானோமா என்றும் எழுதுவது, காதுக்குள்ளிருந்து மூளைக்குப் போகும் சமநிலை நரம்பின் உறையில் வருவது. பிட்யூட்டரி அடினோமா மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில், பயறளவு சுரப்பியில் வருவது. இவை மூன்றுதான் அடிக்கடி காதில் விழும் பெயர்கள்.

அளவைப் படிக்கும்போது ஒரு சின்னக் கணக்கு. ரிப்போர்ட்டில் குறுக்களவைத்தான் மி.மீ.யில் போடுவார்கள். கட்டியோ உருண்டை. 20 மி.மீ. இருந்தது 22 ஆனால் "ரெண்டே மி.மீ. தானே" என்று தோன்றும். கன அளவில் அது மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. 25 ஆனால் கிட்டத்தட்ட இரு மடங்கு. ஆனால் இதற்கு நேர் எதிரான எச்சரிக்கையும் உண்டு. வேறு மெஷினில், வேறு தடிமன் துண்டுகளாக எடுத்த ஸ்கேனில் ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசம் வெறும் அளவெடுப்புப் பிழையாகவும் இருக்கும். அதனால் முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மாதிரி ஸ்கேன் எடுங்கள். படத்தையும் சி.டி.யாகவோ பென் டிரைவிலோ வாங்கி வையுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. நல்ல சர்ஜன்கள் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் படத்தைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்று: ஸ்கேனை வைத்துச் சொல்வது கணிப்பு. மிக நல்ல கணிப்புதான், ஆனாலும் கணிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் தரவரிசையில் மெனிஞ்ஜியோமாவுக்கு 1, 2, 3 என்று மூன்று படிகள் உண்டு. பெரும்பாலானவை 1. இரண்டாம் படியில் உள்ளது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். எந்தப் படி என்று உறுதியாகத் தெரிய, கட்டியிலிருந்து ஒரு துண்டாவது பரிசோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும். அறுவை செய்தால் அது கிடைக்கும். கதிர்வீச்சு கொடுத்தால் கிடைக்காது. படத்தில் ஏதாவது இடறலாக இருக்கிறது, வேகமாக வளர்ந்திருக்கிறது என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே அறுவைப் பக்கம் தராசு சாயும்.

3. மூன்றாவது வழியையும், சில நேரம் நான்காவதையும் கேளுங்கள்

எதுவும் செய்யாமல் கண்காணிப்பது என்று ஒன்று இருக்கிறது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த, தொந்தரவு ஏதும் தராத சிறிய மெனிஞ்ஜியோமாவுக்கு இது மிகச் சாதாரணமான அறிவுரை. ஆறு மாதத்தில் ஒரு எம்.ஆர்.ஐ., அப்புறம் வருடத்துக்கு ஒன்று, வளரவில்லை என்றால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது. வயதானவர்களில் நிறையப் பேருக்குக் கடைசிவரை சிகிச்சையே தேவைப்படுவதில்லை. வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் இது தாங்காது. "தலைக்குள்ள கட்டிய வெச்சிக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?" என்று அம்மா தினமும் கேட்டார். கேட்டுக்கொண்டே இருக்கட்டும். கட்டி வளர்கிறதா என்ற தகவல் காத்திருந்தால்தான் கிடைக்கும். அந்தத் தகவல் இல்லாமல் எடுக்கும் முடிவு பயத்தில் எடுத்த முடிவு.

மருந்து சில கட்டிகளுக்கு உண்டு. பிட்யூட்டரி கட்டிகளில் புரோலாக்டின் ஹார்மோனைச் சுரக்கும் வகைக்குப் பொதுவாக முதல் சிகிச்சை கேபர்கோலின் போன்ற மாத்திரைதான். பெரிய கட்டிகூட அதில் சுருங்கும். ஆகவே பிட்யூட்டரி கட்டி என்று சொன்னால், ஹார்மோன் ரத்தப் பரிசோதனை முடியாமல் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் தலையாட்ட வேண்டாம். மெனிஞ்ஜியோமா உள்ளவர்கள் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் மருந்து எதையாவது, குறிப்பாக சைப்ரோடிரோனை, நீண்ட நாள் எடுத்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதை நிறுத்தியதும் கட்டி நின்றுபோனதும் சுருங்கியதும் உண்டு. கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் சில மெனிஞ்ஜியோமாக்கள் பருக்கும்.

4. அறுவை எதைக் கொடுக்கும், எதை வாங்கிக்கொள்ளும்

அறுவையின் பலம் மூன்று: அழுத்தம் அன்றைக்கே குறைகிறது, கட்டியின் அசல் பெயர் தெரிகிறது, முழுதாக எடுக்க முடிந்தால் கதை பெரும்பாலும் அங்கேயே முடிகிறது. மூளையின் மேற்பரப்பில், மண்டை ஓட்டுக்கு நேர் கீழே இருக்கும் மெனிஞ்ஜியோமா இதற்கு நல்ல உதாரணம். கட்டியோடு அது ஒட்டியிருந்த உறையையும் எடுத்துவிட முடியும். சிம்ப்சன் என்ற சர்ஜன் 1957இல், எவ்வளவு எடுத்தார்கள் என்பதை ஐந்து படிகளாகப் பிரித்தார். எடுத்தது குறையக் குறையத் திரும்ப வருவது கூடுகிறது என்று காட்டினார். அந்தப் படிகளை இன்றும் சர்ஜன்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதுகிறார்கள்.

அதே மெனிஞ்ஜியோமா மண்டையின் அடித்தளத்தில், கண் நரம்புகளும் பெரிய ரத்தக்குழாயும் நெருக்கியடித்துப் போகும் இடத்தில் இருந்தால் கதை வேறு. அங்கே கடைசித் துணுக்கையும் சுரண்டி எடுக்கப்போனால் நரம்பு போய்விடும். அதனால் தெரிந்தே கொஞ்சம் விட்டுவைப்பார்கள். விட்டதற்குப் பிறகு கதிர்வீச்சு கொடுப்பார்கள், அல்லது கண்காணிப்பார்கள். முன்பெல்லாம் இப்படி விட்டுவைப்பதைத் தோல்வி என்று நினைத்தார்கள். இப்போது இதைத் திட்டம் போட்டே செய்கிறார்கள். "முழுசா எடுப்பீங்களா?" என்று சர்ஜனிடம் கேட்காதீர்கள். "எந்த இடத்துல நிறுத்துவீங்க, ஏன்?" என்று கேளுங்கள். பதிலில் அவருடைய அனுபவம் தெரிந்துவிடும்.

வாங்கிக்கொள்வது என்ன? அபாயத்தின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே வந்து நிற்கிறது. ரத்தக்கசிவு, தொற்று, வலிப்பு, காலில் ரத்தம் உறைவது, மூளைநீர் மூக்கு வழியாகவோ தையல் வழியாகவோ கசிவது, பக்கத்து நரம்பு பாதிப்பு. முதல் இரவு பெரும்பாலும் ஐ.சி.யூ.வில், மணிக்கொரு முறை எழுப்பி "பேர் என்ன, கையைத் தூக்குங்க" என்பார்கள். சிக்கல் இல்லை என்றால் சில நாட்களில் வீடு. ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டார் என்றால் சரியாகிவிட்டார் என்று அர்த்தமில்லை. களைப்பு வாரக்கணக்கில் இருக்கும். வழக்கமான வேலைக்குத் திரும்ப ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை பிடிப்பது சகஜம். பிட்யூட்டரி கட்டியைப் பெரும்பாலும் மூக்கு வழியாக எடுப்பதால் அதில் மீள்வது சற்று வேகம்.

வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு பற்றி ஒரு வார்த்தை. தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கிளப்பும், சர்க்கரையை ஏற்றும், சிலரை எரிச்சல்காரராக்கும். அதற்காக நீங்களாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

5. கதிர்வீச்சில் இரண்டு ஜாதி

ஒன்று, ஒரே நாளில் (அல்லது மூன்று முதல் ஐந்து நாட்களில்) கட்டியை மட்டும் குறிவைத்து அதிக அளவு கொடுப்பது. ரேடியோசர்ஜரி என்று பெயர். காமா நைஃப், சைபர் நைஃப் எல்லாம் இந்த வகை. பெயரில்தான் கத்தி, வெட்டு எதுவும் கிடையாது. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் லெக்செல் என்ற நியூரோசர்ஜன் 1951இல் சொன்ன யோசனை இது. 1968இல் முதல் காமா நைஃப் வந்தது. இன்றைய காமா நைஃபில் 192 கோபால்ட் மூலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் வருவது மெல்லிய கதிர், தனியாக அதனால் வழியில் உள்ள மூளைக்குப் பெரிய பாதிப்பில்லை. எல்லாம் ஒன்றுகூடும் புள்ளியில்தான் சூடுபிடிக்கும். அந்தப் புள்ளியில் கட்டியை வைப்பதுதான் மொத்த வித்தையும்.

இன்னொன்று, தினமும் கொஞ்சமாக, வாரத்தில் ஐந்து நாள், ஐந்து ஆறு வாரம் கொடுப்பது. வழக்கமாக ஒரு நாளைக்கு 1.8 கிரே (கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் அலகு) வீதம் 28 முதல் 30 தடவை.

எது யாருக்கு? பொதுவாக 3 செ.மீ.க்குள் இருந்தால் ரேடியோசர்ஜரி. அதற்கு மேல் போனால் ஓரத்தில் சிதறும் கதிர் கூடிவிடும். கட்டியின் ஓரத்துக்கு ஒரே தடவையில் 12 கிரே அல்லது அதற்கு மேல் போக வேண்டும். பார்வை நரம்போ ஒரே தடவையில் 8 முதல் 10 கிரேக்கு மேல் தாங்காது. ஆகவே கட்டிக்கும் பார்வை நரம்புக்கும் நடுவில் சில மி.மீ. இடைவெளியாவது வேண்டும். இடைவெளி இல்லை, நரம்பை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது என்றால் பல வாரம் பிரித்துக் கொடுக்கும் முறைதான். ஒவ்வொரு இரவும் நல்ல திசு தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கிறது.

அக்காவுக்கு நடந்த நாளைச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்கு முன்கூட்டி யாரும் சரியாகச் சொல்லவில்லை. காலையில் தலையில் ஓர் உலோகச் சட்டம். நெற்றியில் இரண்டு, பின்னந்தலையில் இரண்டு, நான்கு ஊசி முனைத் திருகுகள். மரத்துப்போக ஊசி போடும்போது சுரீர் என்றது, திருகும்போது வலி இல்லை, இடுக்கியில் தலையை வைத்த மாதிரி இறுக்கம், பத்து நிமிடத்தில் அதுவும் பழகிவிட்டது என்றாள். சட்டத்தோடேயே எம்.ஆர்.ஐ. பிறகு இரண்டரை மணி நேரம் சும்மா காத்திருப்பு. உள்ளே கம்ப்யூட்டரில் டாக்டரும் இயற்பியலாளரும் திட்டம் போடுகிறார்கள். இயந்திரத்துக்குள் ஐம்பது நிமிடம். சூடு இல்லை, சத்தம் இல்லை, எதுவுமே தெரியவில்லை. மோசமான கட்டம் சட்டத்தைக் கழற்றியபோதுதான் வந்தது. இறுக்கம் போனதும் மண்டை முழுக்க ஒரு வலி, அன்று இரவு வரை. மறுநாள் நெற்றியில் இரண்டு சிறு காயத்தோடு காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். (சட்டத்துக்குப் பதில் முகமூடி பயன்படுத்தும் இடங்களும் உண்டு. முகத்தில் சூடான ஈர வலையை வைத்து அச்செடுப்பார்கள். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுபவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள்.)

இதைக் கேட்டால் கதிர்வீச்சு எவ்வளவு சுலபம் என்று தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். கட்டி உள்ளேயேதான் இருக்கிறது. இங்கே வெற்றி என்பதற்கே பொருள் வேறு. அறுவையில் வெற்றி என்றால் கட்டி இல்லை. கதிர்வீச்சில் வெற்றி என்றால் கட்டி வளரவில்லை. சுருங்கினால் லாபம். சிறிய கட்டிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது கைகூடுகிறது என்பது நல்ல கணக்குதான். ஆனால் எந்த "வெற்றி"யைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் இரண்டு சதவீதங்களை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

6. இரண்டும் முடியும் என்று சொல்லும்போதுதான் உண்மையான கேள்வி

பெரிய கட்டிக்கு அறுவை, கைக்கெட்டாத சின்னக் கட்டிக்குக் கதிர், இதிலெல்லாம் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. நடுவில் இருப்பவர்கள்தான் திண்டாடுகிறார்கள். அங்கே நான் கண்ட வழி, கட்டியை விட்டுவிட்டு இழப்பைப் பற்றிப் பேசுவது. எதை இழக்கக்கூடும், எப்போது?

அறுவை என்பது கணக்கை மொத்தமாகத் தீர்ப்பது. கதிர்வீச்சு தவணையில் கட்டுவது. முன்னதில் அபாயம் இந்த வாரமே தெரிந்துவிடும். பின்னதில் இன்றைக்கு ஒன்றுமில்லை, ஆனால் காது, ஹார்மோன் போன்றவை பல வருடங்களில் மெல்லக் கரையலாம். கதிர்பட்ட இடத்தைச் சுற்றி மாதங்கள் கழித்து வீக்கம் வரலாம். உச்சந்தலையின் நடுக்கோட்டை ஒட்டிய மெனிஞ்ஜியோமாக்களில் இந்த வீக்கம் சற்று அதிகம். கதிர்பட்ட கட்டி பிற்காலத்தில் புற்றாக மாறுவதோ புதிதாகப் புற்று முளைப்பதோ மிக மிக அரிது, ஆனால் பூஜ்யம் இல்லை. ஆகவே நாற்பது ஐம்பது வருடம் முன்னால் இருக்கும் இளைஞருக்கு ஒரு கணக்கு, எழுபத்தைந்து வயதில் இதய நோயோடு மயக்க மருந்துக்கே தயங்குபவருக்கு வேறு கணக்கு.

காது நரம்புக் கட்டியை எடுத்துக்கொள்வோம், எனக்குத் தெரிந்தது அதுதான். அதை ஒட்டியே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. அறுவையில் காதுக்குள் வழியாகப் போகும் முறை ஒன்று உண்டு. அதில் அந்தக் காதின் கேள்வித்திறன் முழுதாகப் போய்விடும், அது தெரிந்தே செய்வது. வேறு இரண்டு வழிகளில் காதைக் காப்பாற்ற முயலலாம். கட்டி சிறியதாக இருந்தால் வாய்ப்பு கூடுதல், பெரியதாக இருந்தால் குறைவு. முக நரம்புக்கும் அதே விதி. ரேடியோசர்ஜரியில் முகம் கோணும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அந்தக் காது வருடங்கள் போகப் போக மங்கும். சிகிச்சையே செய்யாமல் விட்டாலும் காது மங்கத்தான் செய்யும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இணையத்தில் பழைய அனுபவங்களைப் படித்துப் பயந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ரேடியோசர்ஜரி ஆரம்பித்த காலத்தில் இந்தக் கட்டிக்குக் கொடுத்த கதிரின் அளவு அதிகம். முகம் இழுத்துக்கொண்டதும் அதிகம். 1990களில் அளவை 12, 13 கிரேக்கு இறக்கினார்கள், அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. படிக்கும் கதை எந்த வருடத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அறுவையிலும் அப்படியே: முக நரம்பை அறுவையின்போதே கண்காணிக்கும் கருவி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது.

வரிசையும் முக்கியம். அறுவைக்குப் பின் மிச்சத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பது அன்றாடம் நடப்பது. கதிர்வீச்சுக்குப் பின் கட்டி வளர்ந்து அறுவை செய்ய நேர்ந்தால், முடியாது என்றில்லை, ஆனால் கட்டி நரம்போடு ஒட்டிப்போயிருக்கும், பிரித்தெடுப்பது கடினம் என்று சர்ஜன்கள் சொல்வார்கள். இளம் வயதினரிடம் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

அக்கா ஒரு பள்ளி ஆசிரியை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒரே வரி: "ஒரு காது போனா இன்னொரு காது இருக்கு. முகம் கோணிக்கிட்டா நான் கிளாஸ்ல நிக்க மாட்டேன்." அதிலேயே பாதி முடிவு வந்துவிட்டது. ஒரு பாடகரோ, ஏற்கெனவே மறு காது கேட்காதவரோ இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருப்பார், அவருக்கு அது சரி. வலிப்பு வந்தால் ஓட்டுநர் வேலை போகும், பார்வை போனால் தையல் வேலை போகும். எதைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்று நோயாளியே ஒரு தாளில் எழுதட்டும். வீட்டுப் பெரியவர்கள் எழுதக் கூடாது.

தலைக்குள் ஒன்று இருக்கிறது என்ற நினைப்போடு தூங்கவே முடியாத சுபாவம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அது அசட்டுத்தனம் அல்ல. டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

7. இரண்டு அறைகளில் உட்காருங்கள்

கட்டியை எடுக்கும் சர்ஜன் ஒருவர், கதிர்வீச்சு கொடுக்கும் டாக்டர் ஒருவர், இருவரையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவரவர் கையில் உள்ள கருவிதான் அவரவருக்கு முதலில் தோன்றும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. இரு துறையினரும் கூடிப் பேசும் டியூமர் போர்டு உள்ள மருத்துவமனையாக இருந்தால் உங்கள் படத்தை அதில் வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் முதலில் பார்த்த ஒரு டாக்டர், இன்னொருவரிடம் கேட்டுவிட்டு வருகிறோம் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்களும் திரும்பிப் போகவில்லை.

கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் தாளில் இருந்தவை:

- என்னுடையதைப் போன்ற கட்டியை நீங்கள் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? உங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு முகம், பார்வை, காது பாதித்தது? (புத்தகத்துச் சதவீதம் வேண்டாம், உங்களுடையது.)
- ஆறு மாதம் காத்திருந்தால் எந்த வழி அடைபடும்?
- இது உங்கள் சொந்த அக்காவுக்கு என்றால் எதைச் செய்வீர்கள், எதனால்?
- நீங்கள் சொல்லும் சிகிச்சை பலிக்காவிட்டால் அடுத்து என்ன?
- இதே கட்டிக்கு மற்ற சிகிச்சையைச் சொல்லும் டாக்டரின் வலுவான வாதம் எது?

கடைசிக் கேள்விதான் சல்லடை. எதிர்ப்பக்கத்து வாதத்தை நியாயமாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவரிடம் எனக்கு நம்பிக்கை வந்தது. முதல் கேள்வியும் லேசுப்பட்டதல்ல. அரிதான இடத்துக் கட்டிகளில் கை பழகியவரா என்பது, எந்தச் சிகிச்சை என்பதற்குச் சமமான விஷயம். பெரிய அளவில் இதையே செய்துவரும் மையம் தூரத்தில் இருந்தாலும் ஒருமுறை போய்க் கேட்டுவிடுவது நல்லது.

ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை, பேஸ்மேக்கர், பழைய கதிர்வீச்சு, குடும்பத்தில் இளவயதில் இரு காதிலும் கட்டி வந்தவர்கள் இருந்தால் அது, எல்லாவற்றையும் கேட்காமலேயே சொல்லுங்கள். இரு காதிலும் கட்டி என்பது என்.எஃப்.2 என்ற மரபணு நிலையாக இருக்கலாம். அங்கே சிகிச்சைத் திட்டமே வேறு.

ஒரு நடைமுறை யோசனை: உள்ளே போகும்போது இரண்டு பேர் போங்கள், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. அனுமதி கேட்டு ஃபோனில் பதிவுசெய்துகொண்டால் இன்னும் நல்லது. "கட்டி" என்ற சொல் காதில் விழுந்ததற்கு அப்புறம் சொன்னது எதுவும் நோயாளியின் மனதில் தங்குவதில்லை.

8. முடிவெடுத்த பிறகு வருடங்கள் இருக்கின்றன

அறுவை என்றால் முதல் எம்.ஆர்.ஐ. சில நாட்களிலோ மூன்று மாதத்திலோ. எடுத்த கட்டியைச் சோதித்துத் தரும் பத்தாலஜி ரிப்போர்ட் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதைக் கையில் வாங்காமல் விடாதீர்கள். மேற்கொண்டு கதிர்வீச்சு தேவையா என்பதை அதுதான் சொல்லும். வண்டி ஓட்டுவது எப்போது என்று தெளிவாகக் கேளுங்கள். வலிப்பு வந்திருந்தால் இதற்குச் சட்டமே உண்டு, நாட்டுக்கு நாடு வேறு. பிட்யூட்டரிக்குக் கதிர்வீச்சு பெற்றவர்கள் பல வருடம் கழித்தும் ஹார்மோன் பரிசோதனையை விடக் கூடாது. சுரப்பி மெதுவாகத்தான் அணைகிறது, களைப்பை வயதின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடுவோம்.

கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை, இதை நாங்கள் அனுபவித்துத்தான் கற்றோம். அக்கா ஆறு மாதம் காத்திருந்தாள், 17 மி.மீ. 20 ஆனது, ரேடியோசர்ஜரி செய்துகொண்டாள். எட்டாவது மாத ஸ்கேனில் 23 என்று வந்தது. ரிப்போர்ட்டில் "அளவு கூடியுள்ளது" என்று ஒரே வரி. வெள்ளிக்கிழமை மாலை அது. திங்கட்கிழமை வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. திங்களன்று டாக்டர் படத்தைத் திரையில் போட்டு, கட்டியின் நடுவில் கறுத்துப்போன இடத்தைப் பேனாவால் காட்டினார். கதிர்பட்ட கட்டி முதல் ஒன்றரை வருடத்தில் தற்காலிகமாக வீங்குவது சகஜம், நடுவில் உயிரற்றுப்போவதால்தான் இந்தக் கறுப்பு, புதிதாகத் தொந்தரவு இல்லாதவரை கை வைக்க வேண்டாம் என்றார். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு அறுவைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். உங்கள் முதல் ஸ்கேனுக்கு முன்பே இதை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு வீங்கினால் சும்மா இருக்கலாம், என்ன அறிகுறி வந்தால் உடனே கூப்பிட வேண்டும்?

இரண்டாம் வருடத்தில் 18 ஆனது. மூன்றாம் வருடம் அதேதான். முகம் கோணவில்லை, வகுப்பெடுக்கிறாள். இடது காதில் ஃபோனை வைத்தால் இப்போது ஒன்றும் புரிவதில்லை, இரைச்சல் மட்டும்தான். வகுப்பில் சன்னல் ஓரமாக, பிள்ளைகள் எல்லோரும் வலப்பக்கம் வரும்படி நிற்கப் பழகிக்கொண்டாள். அடுத்த ஸ்கேன் வருகிற மாதம். பழைய சி.டி.க்கள் எல்லாம் தேதி எழுதி ஒரே உறையில் இருக்கின்றன, அதை எடுத்துக்கொண்டு நான்தான் கூடப் போக வேண்டும்.